இரும்பு மாத்திரை

குடல் பொய் சொல்லாது என்பது அவன் கட்சி. வாய் பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் கூசாமல் சொல்வார்கள். குடலுக்கு மட்டும் அந்தப் பழக்கம் கிடையாது. அறுப்புக்கூடத்தில் குடல் கழுவும் மேசை அவனுடையது. குடல் மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மாட்டின் குடலை நீளவாக்கில் கீறித் தண்ணீரைப் பாய்ச்சும்போது பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால் மேலே வேலை நடக்கும். தார் மாதிரி கருப்பாக வந்தால் மாட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் கையைத் தூக்குவான், முழு மாடும் குழிக்குப் போகும். மேலாளரே வந்து கெஞ்சினாலும் தூக்கிய கை இறங்காது. அந்த ஒரு விஷயத்தில் அவன் தப்பியதே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று காலை குடியிருப்பின் பின்னால் இருந்த கழிப்பறையில் குழாய் மக்கர் பண்ணியது. அவன் மனைவி வாளி எடுத்துவரப் போன நேரத்தில் அவன் உள்ளே நுழைந்துவிட்டான். மனிதர் பார்க்கத் தேவையில்லாத ஒன்றைக் குனிந்து பார்த்தான். கருப்பாக இருந்தது.

அவள் வாளியோடு திரும்பியபோது அவன் முகத்தில் பேயறைந்திருந்தது. ஒன்றும் பேசாமல் அவளை இடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். கத்துகிற புருஷனை அவளுக்குத் தெரியும். கத்தாமல் போகிற புருஷனை இன்னும் நன்றாகத் தெரியும்.

அவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதே கூடத்தின் வாசலில், ஒடுங்கிய இரும்புக் கூண்டுக்குள் வந்து நிற்கும் மாட்டின் நெற்றியில் துப்பாக்கியை வைத்து அழுத்தி, மயக்கி விழவைக்கிற வேலை அவளுடையது. குண்டு கிடையாது, ஓர் இரும்பு ஆணி பாய்ந்து திரும்பும். குறி அரை விரல் தள்ளிப் போனாலும் மாடு துடிக்கும். அவள் கையில் ஒரு மாடும் துடித்ததில்லை. நெத்தியடி என்று பட்டப்பெயர். வயிற்றில் பிள்ளை தங்கியதும் மேலாளர் அவளைப் பொட்டலம் கட்டும் அறைக்கு மாற்றினார். அவ்வளவு பெரிய மாடுகளை ஒரே அழுத்தில் சாய்த்தவள் வீட்டில் ஒரு மனுஷனிடம் ஏன் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவளிடமும் அதுவரை இல்லை.

சமையலறையில் அவளுடைய காலை உணவு அப்படியே இருந்தது. நன்றாக வெந்த முட்டை, ரொட்டி, கீரை, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர், பக்கத்தில் மாத்திரை அட்டை. எலுமிச்சையோடு சாப்பிட்டால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும், டீயோடு போட்டால் சேராது, சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள் என்று அறுப்புக்கூடத்துக்கு எதிரே இருந்த மருந்தகத்து நர்ஸ் சொல்லியிருந்தாள். இன்னொன்றும் சொல்லியிருந்தாள். மாத்திரை போட ஆரம்பித்தால் வெளிக்குக் கருப்பாகப் போகும், பயப்படாதே என்று. இதையெல்லாம் புருஷனிடம் போய்ச் சொல்வார்களா? எட்டிப் பார்ப்பான் என்று யார் கண்டது?

"எத்தன நாளா கருப்பா போகுது?"

"ஏங்க, அது மாத்திரையால. நர்ஸக்கா அப்பவே..."

"அதான் கேக்குறேன். மாத்திரையாலதானே?"

அட்டையைப் பிடுங்கி ஒவ்வொன்றாக அழுத்தித் தரையில் உதிர்த்துச் செருப்புக் காலால் நசுக்கினான். அவள் குனிந்து பொறுக்கப் போனாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு சேர்த்து அறைந்தான். அலமாரியிலிருந்து பாத்திரங்கள் விழுந்தன. கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று, மறுபடி கன்னத்தில். வயிற்றை மட்டும் விட்டுவிட்டு அடித்தான். அதில் அவன் ரொம்பக் கவனம்.

முந்தைய தடவை அந்தக் கவனம் இல்லை. அப்போதும் ஐந்தாம் மாதம்தான். சாப்பாடு ஆறிப்போனதற்கோ ஆறாததற்கோ மாடிப்படியில் ஒரு சண்டை. அவன் தள்ளிய தள்ளில் கைப்பிடிக் கம்பியில் வயிறு மோத விழுந்தாள். அடுத்த வாரம் பிள்ளை உள்ளேயே அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு அவள் "வழுக்கிட்டேன்" என்றாள். அவன் "ஏதோ மாத்திர குடுத்தாங்க, அதான்" என்றான். அன்றிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். மாத்திரை கொலைகாரனாக இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் காலியாகிவிடும், அங்கே நிற்க அவனை விட்டால் ஆளில்லை.

அடுப்பின் மேல் ஈரல் வெந்துகொண்டிருந்தது. மாட்டிலேயே உசத்தி ஈரல், ரத்தம் ஊறும் என்று தினமும் ஒரு துண்டு கொண்டுவருவான். நர்ஸ் அதைக் கேட்டதும் பதறிப்போனாள். ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும், வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது, பருப்பும் கீரையும் முட்டையும் போதும், தொடவே தொடாதே என்றாள். அவள் அதை அவனிடம் சொல்லிப் பார்த்து ஒரு அறை வாங்கியதோடு நிறுத்திக்கொண்டாள். ஈரல் தினமும் வந்தது, தினமும் சன்னல் வழியாகப் போயிற்று. தெரு நாய்கள் கொழுகொழுவென்று திரிந்ததற்குக் காரணம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இன்றைக்குச் சன்னலுக்கு வழியில்லை. அவன் கொதிக்கும் சட்டியிலிருந்து துண்டை வெறுங்கையால் எடுத்தான். இடது கையால் அவள் தாடையைப் பிடித்து, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி கடைவாயில் விரலைக் கொடுத்துத் திறந்து திணித்தான். சூடு நாக்கைப் பொசுக்கியது. மூச்சு முட்டியது. அவள் அவன் விரலைக் கடித்தாள். எலும்பில் பல் பட்டது, கடைவாய்ப் பல் ஒன்று முறிந்தது. ஈரலும் பல்லும் ரத்தமும் சேர்ந்து தரையில் விழுந்தன.

அவன் விரலை உதறிக்கொண்டே அழுதான். அதுதான் அவனிடம் பெரிய தொல்லை, அடிக்கும்போது அழுவான்.

"ஏற்கனவே ஒண்ண முழுங்கிட்டாடி அந்த நர்ஸு. இதையும் முழுங்க விடமாட்டேன். எதுத்தாப்ல உக்காந்து கொல்றவள சும்மா விட்டா நான் அப்பனா?"

மூலையில் மாட்டியிருந்த வேலைப் பையிலிருந்து குடல் கத்தியை எடுத்தான். குட்டையான, நுனி வளைந்த கத்தி. வெளியே பைக் உறுமியது. அவன் போய்விட்டான்.

அவளுக்கு வாயெல்லாம் உப்புக் கரித்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அசைவு தெரியவில்லை. முந்தைய தடவையும் இப்படித்தான் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

மருந்தகத்துக்குப் பிரதான சாலை வழியாகச் சுற்றிப் போனால் அவனைப் பிடிக்க முடியாது. அறுப்புக்கூடத்தின் பின்வாசலில் நுழைந்து, மாடுகள் வரிசையில் வருகிற இடுக்குப் பாதையில் இறங்கி நடந்தாள். மாடுகள் ஒதுங்கி வழி விட்டன. கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில், துப்பாக்கி பழுதானால் எடுக்கிற மரச்சுத்தி அதன் ஆணியில் தொங்கியது. எடுத்தாள். அவள் இடத்தில் புதிதாக வந்திருந்த ஆள் அவள் உதட்டைப் பார்த்தான், சுத்தியைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டான். முன்வாசல் தாண்டியதும் எதிரே தாய்சேய் மருந்தகம். அவனுடைய பைக் படிக்கட்டில் சாய்ந்து கிடந்தது.

உள்ளே நாற்காலிகள் உருண்டு கிடந்தன. பரிசோதனைக்கு வந்திருந்த கர்ப்பிணிகள் எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால், மூலையில் நெருக்கியடித்து நின்றார்கள். நர்ஸ் மேசைமேல் மல்லாந்திருந்தாள். கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை கீறல், ரத்தம் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கத்தி பிடித்த கையின் முழங்கையை அவள் தொண்டையில் அழுத்திக்கொண்டு, டப்பாவிலிருந்து மாத்திரைகளை அள்ளி அவள் வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"தின்னு. நல்லதுதானே? நீயே தின்னு. உனக்கும் கருப்பா போகட்டும்."

நர்ஸ் துப்பினாள், இருமினாள். நாக்குத் தள்ளியது. ஆனாலும் சொன்னாள்.

"இரும்பு மாத்திரப்பா. உடம்புக்கு வேணுங்கறது போக மிச்சம் அப்படி வெளிய வருது. எல்லாருக்கும் அப்படித்தான் போகும்."

"பொய்."

"எனக்கும் கருப்பாத்தான் போகுது" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

அவன் திரும்பினான். எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். பக்கத்திலிருந்தவள் கையைத் தூக்கினாள். "எனக்கும்தாண்ணே." இன்னொருத்தி, "எனக்கு மூணு மாசமா" என்றாள். பின்னாலிருந்து, "மொதப் பிள்ளைக்கும் அப்படித்தான் போச்சு, அவன் இப்ப பள்ளிக்கூடம் போறான்" என்று ஒருத்தி சேர்த்தாள். கத்தி முனையில் நின்றுகொண்டு ஊர்ப் பெண்கள் வரிசையாகத் தங்கள் மலத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். வேறொரு நாளாக இருந்தால் வாசலில் வந்து நின்றவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவன் சிரிக்கவில்லை. மாத்திரையோடு தூக்கிய கை அப்படியே நின்றது. குடல் கருப்பாயிருந்தும் உள்ளே ரத்தம் கசியவில்லை என்றால், மாத்திரை கொல்லவில்லை என்றால், அப்புறம்? அந்த அப்புறத்தை அவன் எட்டிப்பிடித்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அப்போதுதான் அவன் வாசலில் நின்ற அவளைப் பார்த்தான்.

"நீ சொல்லு" என்றான். "அப்ப எது கொன்னுச்சு?"

"மாடிப்படி" என்றாள் அவள். முறிந்த பல்லில் காற்றுப் புகுந்து வலித்தது. "மாடிப்படில உன் கை. நான் வழுக்கல."

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று அவள் சொன்னதில்லை.

அவன் முகம் கோணியது. ஒத்துக்கொள்வான் என்று ஒரு கணம் அவள் நினைத்தாள், அந்த ஆசை அவளுக்கு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் நர்ஸ் பக்கம் திரும்பினான்.

"இவதான் உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கா."

கத்தி மேலே போனது.

அவள் மேசையை எட்டுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் நெற்றி வாகாகத்தான் இருந்தது. கண்ணுக்கும் எதிர்ப்பக்கக் கொம்புக்கும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் வைக்கவேண்டும் என்று அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கொம்பில்லாத நெற்றியிலும் அந்த இடம் அவளுக்குத் தெரிந்தது. சுத்தியை ஓங்கியபோது அங்கேதான் பார்த்தாள். அடித்தது கையில். கத்தி பிடித்த மணிக்கட்டு மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ள, ஒரே அடி. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. கத்தி விழுந்தது. அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரச் சற்று நேரமாயிற்று. அவள் இன்னொரு முறை ஓங்கி, அதே கையில், முழங்கைக்குக் கீழே இறக்கினாள். இரண்டாவது தேவையா என்று போலீசில் பின்னால் கேட்டார்கள். தேவை என்றாள்.

அவன் எடை மெஷினில் சாய்ந்து சரிந்தான். எட்டு மாதக்காரி கத்தியைக் காலால் தள்ளி அலமாரிக்கு அடியில் போட்டாள். யாரோ வெளியே ஓடிப்போய் ஆள் கூப்பிட்டார்கள்.

சுத்தி அவள் கையிலிருந்து தானாக நழுவியது. "அக்கா" என்றாள் நர்ஸிடம். "அசையல."

நர்ஸ் ஒரு பஞ்சுக்கட்டைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு எழுந்தாள். ஒரு கையாலேயே அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் பசையைத் தடவி, துடிப்புக் கேட்கும் சின்னப் பெட்டியை வைத்து நகர்த்தினாள். கரகரவென்று இரைச்சல் வந்தது. இன்னும் கீழே நகர்த்தினாள். இரைச்சல்தான். நர்ஸின் ரத்தம் ஒரு சொட்டு அவள் வயிற்றில் விழுந்தது. தரையில் கிடந்தவன்கூட முனகுவதை நிறுத்திவிட்டான்.

பிறகு கேட்டது. வேகமாக, அவசரமாக, யாரோ மாடிப்படியில் தடதடவென்று ஓடி ஏறுகிற மாதிரி.

அவள் வாய்விட்டு அழுதாள். மூலையிலிருந்த பெண்களும் அழுதார்கள். "ஓடுது பாரு, எங்கயும் போகல" என்று நர்ஸ் சிரிக்கப் போய், கன்னம் இழுத்து வலியில் நிறுத்தினாள். தரையிலிருந்து அவன் குரல் வந்தது.

"நம்மளதா? நம்மளதுதானே அது?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மேசையில் பிரிக்காத அட்டை ஒன்று மிச்சமிருந்தது. ஒரு மாத்திரையை எடுத்துப் பொசுங்கிய நாக்கில் வைத்து, நர்ஸ் கொடுத்த தண்ணீரால் விழுங்கினாள். நாக்கு எரிந்தது. மாத்திரை போய்ச் சேருகிற வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் கருப்பாத்தான் போகும்" என்றாள். "பாக்க நீ வரவேண்டாம்."