பொன்னாங்கழுகின் புது அலகு

நாற்பது வயதில் பொன்னாங்கழுகு மலையுச்சிக்குப் போய், மழுங்கிய அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் இன்னொரு ஆயுசு வாழுமாம். மேடையில் கணவன் இதைச் சொன்னபோது முதல் வரிசையில் இருந்த அவன் மனைவி, ஒரு பறவை மருத்துவர், கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். அவனுக்குப் பின்னால் திரையில் சிறகு விரித்திருந்தது பொன்னாங்கழுகே இல்லை. தலை வெளுத்த வேறு இனம். அதைச் சரிபார்க்கக்கூடத் துப்பில்லை.

காப்பீடு விற்கத் தெரியாமல் வேலையை விட்டவன், இப்போது விற்பனையாளர்களுக்குத் தன்னம்பிக்கை விற்றான். கைதட்டல் கூடக் கூட அவனுடைய கழுகும் மேலே போயிற்று. வல்லூறு அவசரக்காரன், பருந்து திருடன், பிணந்தின்னிக் கழுகு சோம்பேறி. பொன்னாங்கழுகு ஒன்றுதான் ராஜா, செத்ததைத் தொடாதாம். வடக்கே பனிமலையில் செத்த ஆட்டின் குடலுக்காக அந்த ராஜா காக்கைகளோடு மல்லுக்கட்டியதை அவள் பார்த்திருக்கிறாள். அதற்காக அதன் மேல் மதிப்புக் குறைந்ததில்லை. அது பசிக்குத் தின்றது. மைக் பிடித்துப் பீற்றிக்கொள்ளவில்லை.

“என் மனைவி கழுகுக்கே வைத்தியம் பாக்குறவங்க. அவங்களையே கேளுங்க” என்று அவன் கையை நீட்டினான். அரங்கம் திரும்பியது. அவள் தலையாட்டி வைத்தாள். மறுத்துப் பேசுவதற்குக்கூட ஒருவன் மேல் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்க வேண்டும்.

இடைவேளையில், காப்பி மேசை அருகே ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். ஒரு விற்பனை நிறுவனத்தில் கிடங்கு மேற்பார்வையாளராம். திங்கட்கிழமை வேலையை விடப் போகிறாராம். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். ரொம்ப நாளாகவே யோசனைதான், இன்றைக்குத்தான் முடிவெடுத்தாராம்.

“நீங்க தலையாட்டினீங்க பாருங்க, அப்பதான் தைரியம் வந்துச்சு டாக்டர்.”

கணவனோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்த அலட்சியம் இந்த மனிதரின் வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அலகு உடைஞ்சா கழுகால கறியக் கிழிக்க முடியாது. பட்டினி கெடந்து செத்துரும். என் மேசை மேலயே செத்திருக்கு. வேலைய விடாதீங்க.”

அவர் அவளைப் பார்த்தார். வயிற்றெரிச்சல் பிடித்தவளைப் பார்க்கிற பார்வை.

“அப்ப எதுக்குத் தலையாட்டினீங்க?”

பதில் இருந்தது. கணவனை அவள் எவ்வளவு கேவலமாக நினைக்கிறாள் என்பதுதான் அது. அதை முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது?

அதற்குள் மேடையிலிருந்து புகைப்படத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் விறுவிறுவென்று போய் வரிசையில் நின்றார். முறை வந்ததும் கணவன் அவர் தோளைப் பிடித்துத் திரைக்கு நேராக நிறுத்தினான். அவர் இரண்டு கைகளையும் கழுகு மாதிரிப் பக்கவாட்டில் விரித்தார். “இன்னும் மேல, இன்னும் மேல” என்று அவருடைய முழங்கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான் கணவன். அக்குளில் சட்டைத் தையல் பிரிந்து, உள்ளே பனியன் தெரிந்தது. அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.