உள்பக்கம் மடித்த வலை

தையல்காரிக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி விழுந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி அலறுவாள். அப்பேர்ப்பட்டவள் கொல்லையில் தன் கையால் கோழிக்கூண்டு கட்டினாள் என்றால் யார் நம்புவார்கள்? கட்டினாள், மகளுக்காக.

போன தடவை மரப்பெட்டிக்குள் வளர்த்த இரண்டு கோழிகளையும் நரி கொண்டுபோய்விட்டது. இவள் வாய் சும்மா இருந்ததா? "பறந்து போயிடுச்சுடா கண்ணு" என்று அளந்துவிட்டாள். மதிலோரம் ரத்தம் தோய்ந்த இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்த மகள், "இனிமே நீ சொல்றத நம்பமாட்டேன்" என்றாள். எட்டு வயசுப் பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்டால் பெற்ற வயிறு எரியாதா? அதனால்தான் புதுசாக வாங்கிய கோழிகளுக்கு இந்தக் கூண்டு. "இதுக்குள்ள எதுவும் வராது, சத்தியம்" என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தாள்.

இன்று காலையில் பார்த்தால் கூண்டின் ஓரத்தில் பாதி தோண்டிய குழி. கோழிகளை வீட்டுக்குள் விடலாம் என்றால், விட்ட அன்றே காலிபண்ண வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரர் முன்பே சொல்லிவிட்டார். கோழி வளர்க்கும் அண்ணிக்குப் போன் போட்டாள்.

"கூண்டுக் கம்பிவலையோட அடிய எந்தப் பக்கம் மடிச்ச?" என்றாள் அண்ணி.

"உள்பக்கம்தான் அண்ணி. ஓரம் வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்காதா?"

"அடி பாவி! பாவாடைக்கா ஓரம் அடிக்கிற? நரி கூண்ட ஒட்டித்தான் தோண்டும். உள்ள மடிச்ச வலைய அடியிலேருந்து மூக்கால தூக்கிட்டு வந்துடும். வெளிப்பக்கம் ஒரு முழம் தரையில படுத்துக் கிடந்தா, தோண்டுற இடமெல்லாம் கம்பிதான் தட்டும்."

"எனக்கு இதெல்லாம் வராது அண்ணி."

"யாருக்குடி முதல் கூண்டே சரியா வந்துச்சு? எனக்குக் கதவ இழுத்தா சுவரும் சேர்ந்து வந்துச்சு. அழாம ஆணியப் பிடுங்கு. இருட்டுறதுக்குள்ள முடி, இன்னைக்கும் அது வரும்."

பிடுங்கினாள். கம்பி கிழித்து விரலெல்லாம் ரத்தம். வலையை வெளியே இழுத்து மடித்து, மேலே கல் வைத்து, மூன்று பக்கம் முடிப்பதற்குள் வெயில் போயே போய்விட்டது. நாலாவது பக்கத்தில் கை வைத்தபோது சமையலறை வாசலிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, வந்துடுச்சு."

மதில்மேல் நரி. தையல்காரி வீட்டைப் பார்த்து ஓடினாள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது! வாசலருகே போனபிறகுதான் கவனித்தாள், மகள் நரியைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, நாலாவது பக்கத்தை முதுகால் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கையில் குறடு ஒன்றுதான்.

நரி ஒரு பக்கம் பிறாண்டியது. கம்பி. அடுத்த பக்கம் போனது. அங்கும் கம்பி. உள்ளே கோழிகள் இறக்கையை அடித்துக் கதறின. கடைசியில் சுற்றிக்கொண்டு இவளிடமே வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. அதன் ஈர நாற்றம் மூக்கில் ஏறியது. பல்லிக்கு ஊரைக் கூட்டுகிறவளுக்கு இப்போது தொண்டையில் காற்றுதான் வந்தது.

"போ" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. குறடால் கல்லைத் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள்.

நரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மதிலேறிப் போனது.

"போயிடுச்சாம்மா?"

'ஆமா, இனிமே வராது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"போயிருக்கு. திரும்பவும் வரும்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"உயிரே போகுதுடி. டார்ச்ச எடுத்துட்டு வா, இந்தப் பக்கம் இன்னும் பாக்கி."

மகள் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவை ஒட்டி உட்கார்ந்து வலையின்மேல் வெளிச்சத்தை அடித்தாள். தையல்காரி நாலாவது பக்கத்து வலையை வெளிப்பக்கம் இழுத்து மடித்தாள்.