பசை பூசியவன்

போல்ட்டுகள் எல்லாம் கழன்று தட்டில் கிடந்தன. ஆனாலும் அந்தப் பழைய மொரிஸ் மைனர் காரின் கியர்பொக்ஸ் எஞ்சினை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கும் இப்திகார் அலவாங்கு கொடுத்து நெம்பினார், பலகை வைத்துத் தட்டினார். சனியன் அசைந்தால்தானே. டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டும் சேரும் இடத்தில் எவனோ சுற்றிவர இரும்புப் பசை பூசி, அது தெரியாமலிருக்க மேலே கறுப்புப் பெயின்டும் அடித்திருந்தான்.

இப்திகார் டோர்ச்சைத் தட்டில் எறிந்தார்.

"தூ. இதெல்லாம் ஒரு வேலையா? இத செஞ்சவன் அந்தக் கையால எப்பிடிச் சோறு தின்றான்? கடைசியா யாரு ஐயா கை வெச்ச?"

காரின் சொந்தக்காரர் புஷ்பராஜ் காலையிலேயே வெள்ளவத்தையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றார். "பாமன்கடை மெக்கானிக் நாகமணிதான், இப்திகார் நானா. போன வருசம் பிரேக் செய்தவர். நான் வாங்கினதுக்குப் பிறகு வேற ஒருத்தரும் தொடேல்லை."

அது போதாதா இப்திகாருக்கு. படம் எடுத்தார். மொரிஸ் வைத்திருப்பவர்களின் வட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர். அவருக்கும் நாகமணிக்கும் வேலை வருவதே அங்கிருந்துதான். 'நாகமணி அண்ணன்ட வேலையப் பாருங்க' என்று எழுதிப் போட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் ஆளாளுக்கு நாகமணியைக் கழுவி ஊற்றத் தொடங்கினார்கள். அவரிடம் கார் விட்டிருந்த ஒருவர், பின்னேரமே எடுத்துவிடுவேன் என்றார்.

நாகமணி ஒரேயொரு குரல்பதிவு அனுப்பினார். "இப்திகார், நான் பிரேக் மட்டுந்தான் பாத்தேன். கியர்பொக்ஸத் தொடவே இல்ல. உள்ளுக்குப் பாத்துட்டுப் பேசுங்க." குரல் நடுங்கியது. கள்ளனுக்கு நடுக்கம் வராமல் என்ன வரும் என்று இப்திகார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

பசையைச் சூடுகாட்டி, உளியால் சுரண்டி, ஒருவழியாகப் பிரித்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே, கிளட்ச் ஓட்டையால் புகுந்த எலி கூடு கட்டிச் செத்திருந்தது. மயிர், எலும்பு, புழுக்கை எல்லாம் பழைய எண்ணெயில் ஊறிக் களியாகிக் கிடந்தன. புஷ்பராஜ் வாசலுக்கே ஓடிவிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த இப்திகாரின் கை, ஓரிடத்தில் நின்றது.

இரும்பில் புள்ளி புள்ளியாகக் குத்திய எண். 786. கீழே 'இ', வருடம் 22.

எந்தக் கியர்பொக்ஸை மூடும்போதும் பிஸ்மில்லாஹ் சொல்லி, அதைக் குறிக்கும் அந்த எண்ணையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் அவர் குத்துவார். கொழும்பில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. சாமான் இறக்குமதி நின்றுபோன வருடம். அப்போது இந்தக் கார் பச்சை நிறம்; நிறம் மாறி வந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கியர்பொக்ஸின் வெடித்த வெளிக்கூட்டுக்கு மாற்று கிடைக்கவில்லை. "விக்கத்தானே நானா, விக்குமட்டும் நிண்டாப் போதும்" என்றார் பழைய சொந்தக்காரர். "நிக்கும்" என்று சொல்லிப் பசையைக் குழைத்தவர் இப்திகார்தான். வாங்கப் போகிறவனை அவர் நினைக்கவே இல்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, அதன்மேல் இந்தக் களவை மூடியிருக்கிறார்.

"என்ன நானா, அந்தாளின்ட பேர் ஏதும் கிடக்கோ?" வாசலிலிருந்து புஷ்பராஜ் கேட்டார்.

கிரைண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எண்ணைத் தேய்த்து அழிக்க ஒரு நிமிட வேலை. சட்டைப் பைக்குள் போன் மறுபடி மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். நாகமணியைக் குழுவிலிருந்தே தூக்கச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள்.

எண்ணின் மேல் ஒட்டியிருந்த மிச்ச அழுக்கை விரலால் வழித்துவிட்டுப் படம் எடுத்தார். "நாகமணி அண்ணன் தொடல்ல. இது நான் செஞ்ச வேல" என்று பேசி, படத்தோடு குழுவுக்கு அனுப்பினார். பிறகு புஷ்பராஜைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் எண்ணைப் பார்த்தார், இப்திகாரைப் பார்த்தார்.

பகல் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. இப்திகார் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினார். கையை மூக்கருகே கொண்டுபோனார். பார்சலைப் பிரிக்காமலே புஷ்பராஜின் பக்கம் தள்ளினார்.

"நீங்க தின்னுங்க ஐயா."