கோயிலுக்கு வந்த மணல்

"புதுக்கோயில் திறப்புப் பூசை அன்னைக்கு நீ உள்ள வர வேண்டாம்," என்றாள் ஃபலகிகா. "பிஷப்புக்குக் கொக்கோ நீதான் காய்ச்சணும். லுசியா கையப் புடிச்சு நான் நடந்துக்கிடுதேன்."

அகெனேசே கொத்தனார்களின் மதியச் சாப்பாட்டுக்குச் சேம்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"பிஷப் கையால மொத தடவ நன்மை அப்பம் வாங்கப்போறது எம் மக, மதினி. புதுநன்மை."

"எந் தம்பி மக. அத மறந்துறாத. வாழ வந்தவளுகளுக்கு அன்னைக்கு அடுப்படிதான். எங்கம்மா காலத்துலேருந்து அப்படித்தான்." ஃபலகிகா அதே மூச்சில் தொடர்ந்தாள். "அப்புறம், முன்வாசப் படி கட்ட மணல் பத்தலையாம். நாளைக்கு உந் தம்பியப் போய்ப் பாத்துட்டு வா. நாலு லாரி போதும்."

சந்தைக்குப் புதிதாய் வந்தவன்கூட சரக்கை வாங்கிக் கூடையில் போட்ட பிறகுதான் கடைக்காரனை ஏசுவான். ஃபலகிகா முதலில் ஏசிவிட்டுப் பிறகு கேட்டாள். கேட்டது கிடைக்காமல் போகும் என்ற யோசனையே அவளுக்கு வந்ததில்லை. தம்பி பெண்டாட்டியோடு பதினான்கு வருஷப் பழக்கம் அப்படி.

அந்தத் தீவின் கடலோர ஊரில் மணலுக்கா பஞ்சம்? வீட்டு வாசலெல்லாம் மணல்தான். ஆனால் உப்பு மணல். கம்பியைத் துரு தின்றுவிடும். பழைய கோயிலின் கூரை அப்படித்தான் ஒரு தவக்காலத்தில், யாருக்கும் சொல்லாமல், பீடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. நல்ல ஆற்று மணல் இருந்தது அகெனேசே பிறந்த ஊரில், அவள் தம்பி பசீலியோவின் பொறுப்பில். மூன்று வருஷமாக அவள் போய்ப் போய்க் கேட்டுத்தான் புதுக்கோயிலின் சுவர் எழுந்தது. சுவர் எழுப்ப அவள் வேண்டும். சுவருக்கு உள்ளே வேண்டாம்.

கணவன் இயோசெஃபோவிடம் சொல்லிப் பார்த்தாள். "அக்கா சொன்னா ஒரு காரணம் இருக்கும்," என்று அவன் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வீட்டில் எந்தச் சங்கடம் வந்தாலும் அவனுக்கு மருந்து கடலில்தான் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து, தம்பியிடம் பேசவேண்டியதைப் பாடம் பண்ணினாள். 'நான் உள்ள உக்காரலேன்னா ஒரு பிடி மணல் கிடையாது.' வாய்விட்டே சொல்லிவிட்டாள்போல. பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பிறந்த வீட்டில் அகெனேசே வேறு ஆள். அக்கா வந்தாள் என்றதும் நல்ல பாயாகப் பார்த்து விரித்தார்கள். பசீலியோ கீழே தள்ளி உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி செலெசிதீனா சுட்ட மீனும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் கொண்டுவந்து வைத்து, மண்டியிட்டு, ஈ ஓட்ட விசிறத் தொடங்கினாள்.

அகெனேசே நடந்ததைச் சொன்னாள். பசீலியோவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஒரு லோடு கிடையாது. எங்க அக்காவ அடுப்படியில உக்கார வச்சுட்டு இவனுகளுக்குப் படி ஒரு கேடா? கோயிலுக்குள்ள தாவி ஏறட்டும்."

இதைக் கேட்டபின் மீன் இன்னும் ருசித்தது.

"ஏய், அக்காவுக்குக் கை கழுவத் தண்ணி எங்க?" என்றான் பசீலியோ. செலெசிதீனா ஓடிப்போய் ஏனத்தில் தண்ணீர் கொண்டுவந்து குனிந்தாள். சட்டை சற்றே விலகியது. தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துக் கறுத்திருந்தது.

"என்னது இது?"

"மணல் மூட்டை, மதினி. ஆத்துக்குள்ள லாரி எறங்காதுல்லா. கரை வரைக்கும் நாங்கதான் சுமப்போம்."

"நாங்கன்னா?"

"வாழ வந்தவளுக."

அகெனேசேயின் விரல்கள் தண்ணீரிலேயே நின்றன. "நீ சாப்டியா?" என்று கேட்டாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. செலெசிதீனா கணவனைப் பார்த்தாள், கேள்வி அவனுக்கு வந்ததோ என்று.

"நீங்க எந்திரிச்சப்புறம், மதினி."

"நம்ம ஊர்க் கோயில் திறந்த அன்னைக்கு நீ எங்க உக்காந்திருந்த?"

"பின்னாடிதான். கொக்கோ காய்ச்சிட்டு இருந்தேன். நல்லாருக்குன்னு நீங்ககூட இன்னொரு கோப்பை கேட்டு அனுப்புனீங்க." குரலில் குத்தல் இல்லை. உப்பு விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"உம் மகன் பெத்தேலோவுக்கு அன்னைக்குத்தான புதுநன்மை?"

"ஆமா. நீங்கதான அவன் கையப் புடிச்சு நடந்தீங்க."

விசிறி மறுபடியும் ஆடத் தொடங்கியது. அகெனேசேக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. தன் தலையில் பெண்கள் பூசைக்குப் போடும் வெள்ளைத் தொப்பி, புதுசு; முன்வரிசை, ஊரே பார்த்தது. பையனின் இன்னொரு கை வெறுங்கையாய் ஆடிக்கொண்டு வந்தது மட்டும் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தராசு ஒன்றுதான். கடலோரத்தில் அவளுக்கு ஒரு தட்டு, ஆற்றங்கரையில் இன்னொன்று. தன் எடை குறைந்த இடத்தில் மட்டும் தராசைப் பழித்திருக்கிறாள்.

பாயில் நகர்ந்து இடம்விட்டாள். "இங்க உக்காரு. சாப்பிடு."

"வேண்டாம், மதினி. யாராச்சும் பாத்தா..."

"பாக்கட்டும். பசீலியோ, மணலக் குடு."

"இப்பத்தான அக்கா..."

"குடு. மணல் குடுத்த வீட்டுக்கு முன்பெஞ்சு ஒதுக்கியிருக்காங்க. நீ வராத. இவ வந்து உக்காரட்டும்."

"இவளா?"

"மணல் சுமந்தது உந் தோளா, இவ தோளா?"

பசீலியோ அறியாமல் தன் தோளைப் பார்த்துக்கொண்டான். அங்கே ஒன்றும் இல்லை.

படி கட்டியாயிற்று. தலைநகர் ஆப்பியாவிலிருந்து கப்பலேறி பிஷப்பும் வந்தாயிற்று. மற்ற மருமகள்கள் விருந்துக் கொட்டகையில் இலை பரப்பப் போயிருந்தார்கள். அகெனேசே கோயிலுக்குப் பின்னால் கொக்கோவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பூசை தொடங்கும் நேரத்தில் ஃபலகிகா வந்து நின்றாள். முகம் புளித்திருந்தது.

"உந் தம்பி பொண்டாட்டி தனியா உக்கார மாட்டேங்கா. மதினி பக்கத்துல இல்லேன்னா எந்திரிச்சுப் போயிருவாளாம். விருந்தாளி எந்திரிச்சுப் போனா ஊரு மானம் என்னத்துக்கு ஆகும்? வந்து தொலை. நன்மை குடுக்கையில இங்க வந்து கிண்டிரு."

அப்படிச் சொல்லும்படி அகெனேசே செலெசிதீனாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கரி படிந்த துணியோடு போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். இரவல் தொப்பிக்குள் செலெசிதீனா கொஞ்சமாய்ச் சிரித்தாள்.

புதுநன்மைக்குப் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். வெள்ளை உடுத்த லுசியா அத்தையின் கைப்பிடியில் இருந்தாள். அப்போது ஜன்னல் வழியே ஒரு வாசனை வந்து பீடம்வரை பரவியது. வரிசையில் நின்றபடியே ஃபலகிகா கண்ணால் காட்டினாள்: போ.

"மதினி, அடிப்பிடிக்குது," என்றாள் செலெசிதீனா. "நான் வேணா..."

"நீ உக்காரு."

அகெனேசே எழுந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் பின்வாசலுக்கு வழிவிட முழங்கால்களை ஒதுக்கினார்கள். அவள் முன்னால் நடந்து, வரிசையில் புகுந்து, மகளின் இன்னொரு கையைப் பிடித்தாள்.

"கொக்கோ கருகுது," என்றாள் ஃபலகிகா, ஜெபிக்கும் முகம் மாறாமல், பல்லிடுக்கில்.

"கருகட்டும், மதினி. முன்னாடி பாத்து நடங்க."