நம்பத்தகுந்த ஒரே பத்தி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. மூன்றாம் பக்கத்தில் "உங்களுக்கு நேர்ந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்" என்று அச்சிட்டு, கீழே நான்கு கோடுகள் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே ஒரு பெரிய கட்டம். அலுவலக உபயோகத்துக்கு மட்டும். எங்களுக்கு நேர்ந்ததைவிட அலுவலகத்துக்குச் சொல்ல நிறைய இருக்கும்போல.

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன்.

ஏரியிலிருந்து வந்த காற்று மோட்டலின் ஜன்னல்களைத் தட்டி — (வேண்டாம். காற்றுக்கு இதில் பங்கில்லை.)

கொரீன் ஹட்ஸ்பெத் யாருக்கும் தீங்கு நினைக்காதவள் — (பொய். என் காலுறைகளைத் திருடுவாள். கேட்டால் "உன் கால்ல இருந்தா மட்டும் புதுசாவா இருக்கு?" என்பாள்.)

கொரீன் ஹட்ஸ்பெத் இறந்து ஏழு மாதமாகிறது. அவள் பேரில் பத்துக் குற்றங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இது இருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ட்வைலா நான்தான். "நான்னு எழுதுங்க, அப்பத்தான் நம்புவாங்க" என்றார் வக்கீல். நான் என்று எழுதினால் இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. ஆகவே அவள். ஊர், ஒஹையோ மாநிலத்தில் ஏரிக்கரையில் ஒன்று. பெயரை எடுத்துவிட்டேன், அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. இருக்கும்வரை.

2

எங்கள் மாநிலத்தில் ஒரு நல்ல சட்டம் உண்டு. யாரோ உங்களை ஆண்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள், அந்தக் காலத்தில் நீங்கள் குற்றம் செய்தீர்கள் என்றால், அந்தக் குற்றங்களை உங்கள் பெயரிலிருந்து அழித்துவிடலாம். ஒவ்வொன்றையும் கட்டாயத்தால்தான் செய்தீர்கள் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் தேதிவாரியாக, விளக்கமாக, மூன்று நகல்களில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கொரீனுக்குப் பதினொன்று. ட்வைலாவுக்கு ஆறு. முதலில் மனுப் போட்டவள் ட்வைலா. கொரீனுக்குத் துணையாக நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனதும் அவள்தான்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படிவத்தைப் புரட்டினார். "அந்த ஆள் உங்களைக் கட்டாயப்படுத்தினதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா மேடம்?"

"எழுத்துலன்னா?" என்றாள் கொரீன்.

"லெட்டர், ஒப்பந்தம்... இப்படி ஏதாவது."

"வேலைக்குச் சேர்ந்தப்ப ஆர்டர் குடுத்தான். வீடு மாறும்போது தொலைச்சுட்டேன்."

குமாஸ்தா சிரிக்கவில்லை. "நகல் இருந்தாலும் போதும்" என்றார்.*

* அந்த ஆளுக்கு இந்தக் கதையில் பெயர் கிடையாது. நீதிமன்றக் காகிதங்களில் அவன் பெயர் பதினான்கு இடங்களில் மரியாதையாக, "திரு." போட்டு வருகிறது. அது போதும் அவனுக்கு.

3

ட்வைலாவுக்கு எழுத வரும். சிறை நூலகத்தில் இருந்ததையெல்லாம், குளிர்சாதனப்பெட்டி பழுதுபார்க்கும் கையேடு உட்பட, படித்தவள். மறுவாழ்வு இல்லத்தில் எல்லோருடைய வாக்குமூலத்தையும் அவள்தான் எழுதிக்கொடுத்தாள். கொரீனுடையதை இல்லத்துச் சமையலறை மேசையில் வைத்து எழுதினார்கள். கொரீன் மக்ரோனியைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னாள்.

"ரெண்டாயிரத்தி ஏழு நவம்பர். எந்த மோட்டல்டி?"

"எல்லாம் ஒரே மோட்டல்தான். ஒரே கம்பளம், ஒரே நாத்தம்."

"அவன் என்ன சொன்னான்?"

"போன்னான்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் போன்னுதான். என்ன, பாட்டா பாடுவான்?"

இப்படியே பத்தும் முடிந்தன. எழுதிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருந்தது: தேதி நினைவில்லை. போகச் சொன்னான். போனேன். போலீஸ் வந்தது. வக்கீல் ஆட்ரா இருபத்தெட்டு வயதுப் பெண். இலவச சட்ட உதவி மையத்தில் எங்களுக்கு வாய்த்தவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையா இருக்கு. ஆனா கொஞ்சம் விவரம் சேர்க்க முடியுமா? நீதிபதிக்குக் கண்ணு முன்னால தெரியணும்."

"எனக்கே தெரியல வக்கீலம்மா, அவருக்கு எங்கேயிருந்து தெரியும்?" என்றாள் கொரீன்.

பிறகு பதினொன்றாவது வந்தது. 2009 மார்ச். கடையில் திருட்டு. பெண்கள் அணியும் குளிர்கோட்டு ஒன்று, கடுகு நிறம்.

அதைச் சொல்லுமுன் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆளிடம் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நால்வருக்கும் மற்ற மூவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பெயர் எல்லாம் மனப்பாடம். ஒருத்தி பேரில் பிடிவாரண்டு இருக்கும். அவள் மாட்டிக்கொண்டால் வாரண்டு இல்லாதவளின் பெயரைச் சொல்வாள். வெளியே போகும்போது, "இன்னிக்கு நீ யாருடி?" என்று கேட்டுக்கொள்வோம். அதைத் திருட்டு என்று ஒருத்தியும் நினைத்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு போவது மாதிரி.

அந்த மார்ச்சில் கடுகு நிறக் கோட்டோடு பிடிபட்டவள் ட்வைலா. அவள் பேரில் வாரண்டு இருந்தது. கொரீனின் பெயரைச் சொன்னாள். சின்ன ஊர் நீதிமன்றம், கைரேகைகூட எடுக்கவில்லை. கொரீன் அன்றைக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டு மருத்துவமனையில் படுத்திருந்தாள்.

(இன்னொன்று. ட்வைலாவை அந்தக் கடைக்கு யாரும் அனுப்பவில்லை. அவளுக்கு அந்தக் கோட்டு பிடித்திருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில்கூட — அந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

கொரீன் அடுப்பை அணைத்தாள். "இது நீதானே?"

"ஆமா."

"அப்ப இது என்னோடது இல்லன்னு சொல்லிடலாமா?"

 ட்வைலாவின் ஆறும் அழிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, சீருடைக்கு அளவெடுத்துவிட்டார்கள். கொரீனும் அதே வேலைக்குத்தான் விண்ணப்பம் வைத்திருந்தாள்.

"சொன்னா உன்ன மறுபடி தோண்டுவாங்க."

"தோண்டுவாங்க."

"சரி, எழுது. எனக்கும் ஒரு கோட்டு வேணும்னு ஆசைதான். ஆனா நல்லதா எழுது. என் பேர்ல திருடினவ, எழுதும்போதாவது ஒழுங்கா எழுதித் தொலை."

4

ட்வைலா எழுதியது இது:

"அன்று தூறிக்கொண்டிருந்தது. அவன் தெருவுக்கு எதிர்ப்புறம் காரில் சாய்ந்து நின்றான். புதிதாக வந்த பெண்ணுக்குப் போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை என்றான். ஐந்து விரல்களை விரித்துக் காட்டினான், ஐந்து நிமிடம். நான் கடைக்குள் போனேன். கோட்டின் கையைப் பிடித்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன். நான்கு விரல்கள். மறுபடி பார்த்தபோது மூன்று."

கொரீன் இரண்டு முறை படித்தாள். "ஐயோ பாவம்டி நான்" என்றாள்.

5

விசாரணைக்கு நீதிபதி ஹாஸ்கின்ஸ். நல்ல மனிதர். எங்களைப் போல் மீண்டவர்களுக்கு நடத்தும் வருடாந்தர மதிய விருந்தில் பார்த்திருக்கிறோம். உயிர்பிழைத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்து, ஏற்றக்கூடாது, தீ எச்சரிக்கை மணி அலறிவிடும் என்று சொன்னவர் அவர்தான்.

பத்துக் குற்றங்களைப் பற்றியும் அவர் கேட்டார். கொரீன் நினைவில்லை என்றாள். பத்தாவது முறை, "நினைவில்லங்கய்யா, நெசமாத்தான் நினைவில்ல" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஒத்துழைக்க மறுக்கிறார் என்று பதிவானது.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. பத்துக்கும் போதிய விவரம் இல்லை; கூடுதல் ஆதாரத்தோடு வரவும். பதினொன்றாவதை மட்டும் உடனடியாக அழிக்க உத்தரவு. "விரல்கள் குறைந்துகொண்டே வந்தது குறித்த மனுதாரரின் கூற்று, அனுபவித்தவரால் மட்டுமே சொல்லக்கூடியது, முழுமையும் நம்பத்தகுந்தது."

மருத்துவமனைச் சீட்டு அதே கோப்பில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. கொரீனின் உடல்நிலைக்குச் சான்றாக நாங்களே வைத்ததுதான். அதில் கோட்டுத் திருட்டு நடந்த அதே தேதி இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம்வரை யாரும் போகவில்லை.

கொரீன் அன்று சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "நான் செஞ்சதுக்கெல்லாம் மன்னிப்பு இல்ல. நான் செய்யாததுக்கு உடனே மன்னிப்பு. நீ பெரிய ஆளுடி!"

(வாசகரே, நீதிபதியைப் பார்த்துச் சிரிக்குமுன் ஒரு நிமிடம். நான்காம் பகுதியைப் படித்தபோது அந்த விரல்கள் உங்கள் கண்ணுக்கும் தெரிந்தன, இல்லையா? அதற்கு முன்னால் பத்து முறை ஒருத்தி போ என்றால் போயிருக்கிறாள். அதை எந்த வேகத்தில் படித்தீர்கள்?)

அந்த இருமல் நிற்கவில்லை. கூடுதல் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கும்போதே கொரீன் நிமோனியாவில் போய்விட்டாள். நாற்பத்தாறு வயது. இந்த இடத்தில் நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். நன்றாக வந்திருந்தது, அதனால்.

நீதிமன்றத்திலிருந்து அவள் பெயருக்கே கடிதம் வந்தது: மனுதாரர் காலமாகிவிட்டதால் அவருக்கு இனி நிவாரணம் தேவைப்படாது, மனு முடித்துவைக்கப்படுகிறது.

6

கொரீனின் அக்கா லவோன் கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவைத்திருந்தாள். "கொரீன்" என்று மட்டும். குடும்பப் பெயர் இல்லாமல், வருடம் இல்லாமல், நாய்க்குட்டிக்கு வைப்பது மாதிரி.

"முழுப் பேரு போடலாமே?" என்றாள் ட்வைலா.

லவோன் கைப்பேசியில் தங்கையின் முழுப்பெயரைத் தட்டிக் காட்டினாள். முதலில் வந்தது போலீஸ் எடுத்த படம். இரண்டாவதும் அதுவே, வேறு கோணத்தில். மூன்றாவதுதான் இரங்கல் குறிப்பு.

"கல்லுல பேரப் பாத்துட்டு எவனாவது தேடுவான். சர்ச்சுக்கு வர்றவங்களே தேடுவாங்க. பத்தும் போகட்டும், அந்த உத்தரவக் காட்டி இந்தப் படத்தையெல்லாம் எடுக்க வைக்கிறேன். அப்புறம் முழுப் பேரும் வெட்டலாம். அதுவரைக்கும் அவ வெறும் கொரீன்தான்."

ட்வைலா ஆட்ராவிடம் போனாள். முடித்துவைத்ததைத் திறக்க வழி இருந்தது. அக்கா மனுப் போடலாம். கூடவே இருந்து பார்த்தவள் சாட்சி சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும் அப்படிப்பட்டவள் இப்போது ட்வைலா ஒருத்திதான்.

"அப்ப நான் ஒண்ணு சொல்லணும் வக்கீலம்மா" என்று கோட்டு விஷயத்தைச் சொன்னாள்.

ஆட்ரா பேனாவை மூடிவைத்தார். "இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

"நீங்கதானே நெசத்தச் சொல்லணும்பீங்க."

"சொல்லணும்தான்..." அவர் ஜன்னலைப் பார்த்தார். "இனிமே பாதி சொல்ல முடியாது ட்வைலா. சாட்சிக் கூண்டுல ஏறினா, அரசுத் தரப்பு முதல் வாக்குமூலத்த யார் எழுதினதுன்னு கேட்கும். கோட்டு வெளிய வரும். கோட்டு உங்க பேருக்கு வரும். யாரும் அனுப்பாம நீங்களா எடுத்தது, அதனால அத இந்தச் சட்டத்துல அழிக்கவும் முடியாது. பொய் வாக்குமூலம் தனி. வேலை போயிடும்."

"சொன்னா அந்தப் பத்தும் போயிடுமா?"

"தெரியாது. பொய் எழுதினவங்க சாட்சின்னு தள்ளிடவும் தள்ளலாம்."

"நான் பத்தையும் நல்லா எழுதிக் குடுத்தா? விரலு, தூறல்..."

"ட்வைலா."

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. ஒன்றை எழுதியும் வைத்திருந்தாள். அதில் ஒரு சிவப்பு விளக்கும் பாதி தின்ற ஆப்பிளும் வருகின்றன. பிரமாதமாக இருக்கிறது. உங்களுக்குக் காட்டமாட்டேன்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: ட்வைலா கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்கிறாள். நீதிபதி நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து நீண்ட நேரம் பார்க்கிறார். கண்ணாடியைத் துடைக்கிறார். பத்தும் அழிகின்றன. ட்வைலாவை — (இதை மதிய விருந்தில் படிக்கலாம். இரண்டு மெழுகுவர்த்தி கிடைக்கும்.)

இரண்டாம் முடிவு: ட்வைலா பேசாமல் இருக்கிறாள். காலையில் எழுந்து சீருடை போட்டுக்கொண்டு, பன்னிரண்டாம் எண் அறையில் இருக்கும் மூதாட்டிக்கு முகம் கழுவிவிடுகிறாள். அந்த அம்மாளுக்கு ட்வைலாவைப் பிடிக்கும். கல்லில் ஒரு பெயர் குறைவதால் செத்தவளுக்கு என்ன — (இதைத்தான் நெடுநாள் வைத்திருந்தேன். குறை சொல்ல முடியாத முடிவு. யாரும் எதையும் இழப்பதில்லை, கொரீனைத் தவிர.)

மூன்றாவதை நான் எழுதவில்லை. போன வியாழக்கிழமை ஆட்ராவின் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். கோட்டு, பெயர், ஐந்து விரல்கள், யார் எழுதியது, எல்லாம் அதில் இருக்கிறது. முதியோர் இல்லத்தின் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். விசாரணை முடியும்வரை வரலாம் என்றார். அப்புறம் பார்க்கலாமாம். லவோனிடம் சொன்னபோது, "கொரீனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அவ அப்படித்தான்" என்று அழுதாள்.

விசாரணை அடுத்த மாதம் பதினான்காம் தேதி. தீர்ப்பு என்னவாகும் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நம்பும்படி எழுத எனக்கு வரும். போன முறை அப்படித்தான் ஆயிற்று.

ஆகவே முடிவு உங்களிடம். சாட்சியத்தில் அந்தப் பத்தைப் பற்றி நான் எழுதியிருப்பதன் தொடக்கத்தைக் கீழே தருகிறேன். எதையும் சேர்க்கவில்லை. நீதிபதி செய்யப்போவதை நீங்கள் முதலில் செய்து பாருங்கள்.

ஒன்று. 2006 அல்லது 2007. குளிர்காலம். எந்த மோட்டல் என்று தெரியாது. கொரீனுக்குக் காய்ச்சல். போகமாட்டேன் என்றாள். அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. போனாள்.

இரண்டு. தேதி நினைவில்லை. போகச் சொன்னான். போனாள்.

மூன்று. அதே. போகும்போது என்னைக் கூப்பிட்டாள். நான் குளியலறையில் இருந்தேன். கதவைத் திறக்கவில்லை.