நாலு தங்கமீன்

என் ஓரகத்தி வீட்டுக் கூடத்தில் ஆள் நீளத்துக்கு மீன் தொட்டி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் சின்னதாக ஒரு தொட்டி வாங்கி, அதையும் கணவரையும் இழுத்துக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன்.

"நாலு தங்கமீன் குடுங்க. அவ வீட்டுல மூணுதான்."

"இத்துணூண்டு தொட்டியில தங்கமீன் தாங்காதும்மா. ஒரே ஒரு ஃபைட்டர் மீன் விடுங்க," என்றார் கடைக்காரர்.

"ஒத்தை மீனா? அவ சிரிப்பா. ரெண்டு ஃபைட்டரா குடுங்க."

அவர் ஃபைட்டர் மீன் இருந்த இரண்டு பாட்டில்களுக்கு நடுவே சொருகியிருந்த அட்டையை உருவினார். ஒன்றை ஒன்று கண்டதும் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டின.

"பாத்தீங்களா? பக்கத்துல இன்னொண்ணு மினுக்கினா இதுக்குப் பொறுக்காது. ஒரு இடத்துக்கு ஒண்ணுதான்."

என் கணவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"அப்ப வேணாங்க. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."