வந்து சேராத கூழ்

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், மாதுவின் கேழ்வரகுக் கொல்லையில், ஒரு சொம்புக் கூழ் பல வருடங்களாக அந்தரத்தில் நிற்கிறது. அதை ஊற்றியது அவர் மகள் கலைமதி. அப்போது எட்டாவது படித்தாள். கேழ்வரகு அறுப்புக்குச் சித்தேரி மலையிலிருந்து வந்திருந்த செல்லி தரையில் உட்கார்ந்து குண்டானை நீட்டினாள். அம்மா பானுமதி பழக்கியிருந்தபடியே, பாத்திரத்தில் பாத்திரம் பட்டுவிடாமல், கலைமதி சொம்பைத் தோளுக்கு மேல் தூக்கிச் சாய்த்தாள். கூழ் பாதி வழி இறங்கி நின்றுவிட்டது. கரண்டியால் இழுத்தும் வரவில்லை. செல்லி கொஞ்ச நேரம் குண்டானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வெறும் வயிற்றோடு அறுக்கப் போனாள்.

கூழ் புளிக்கவில்லை, ஈ மொய்க்கவில்லை. உழவு டிராக்டர் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியது. கேட்டவர்களிடம் மாது, காற்று வாகு என்றார். கலைமதி அந்தப் பக்கம் போகாமலேயே பள்ளிக்கூடம் முடித்தாள், வேளாண்மை படித்தாள், பெங்களூரில் உணவு நீதி என்ற மேற்படிப்பில் சேர்ந்தாள். யாருக்குச் சோறு கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, எதனால் என்பதுதான் பாடம். அவள் எழுதியதை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டும்போது தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தார்கள்.

போன தை மாதம் அவளுடைய பேராசிரியை வெண்மதி கொல்லையைப் பார்க்க வந்தார். கூழைச் சுற்றி வந்து, இது என்ன என்று கேட்டார்.

"ரொம்ப நாளா இப்படித்தான் நிக்குதுங்க மேடம்" என்றாள் கலைமதி.

பக்கத்தில் மொச்சை பறித்துக்கொண்டிருந்த செல்லி நிமிராமலே சொன்னாள்: "பாப்பா எனக்கு ஊத்துனதுங்க. இன்னும் வந்து சேரல."

கூட வேலை செய்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு மறுபடி காய் பறிக்கக் குனிந்தார்கள்.

"நான் ஊத்துனதுதாங்க" என்றாள் கலைமதி. போய்ச் செல்லியின் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். "எனக்குக் கொஞ்சம் சோறு குடுங்கக்கா." அதுவரை செல்லியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாள்.

"உங்கம்மா பாத்துக்கிட்டு நிக்குது பாப்பா."

"நிக்கட்டுங்க."

செல்லி உடனே எழுந்திருக்கவில்லை. அந்த வரிசை முழுக்கப் பறித்து முடித்தாள். கலைமதி காத்திருந்தாள். பிறகு செல்லி தூக்குப் போசியைத் திறந்து, சாமைச் சோற்றை உருட்டி, விரல் பட அவள் உள்ளங்கையில் வைத்தாள். கலைமதி தின்று முடிக்கும்வரை பானுமதி வரப்பிலேயே நின்றாள். கூழ் இறங்கவில்லை. இறங்கும் என்று யாரும் அண்ணாந்து பார்க்கவும் இல்லை.